மச்சினன் மொழிபெயர்த்த கல்யாணம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சார். நான் சொல்லப்போகும் இந்தக் கதையை நானே பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனாலும் நம்பியதில்லை.

நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். கேட்கவில்லையா? சற்று முன் போனைப் பார்த்து நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்களே, அது கேட்ட மாதிரிதான். வண்டி இப்போதுதான் கோவில்பட்டி தாண்டியிருக்கிறது, சென்னைக்கு நேரம் கிடக்கிறது.

போனில் இருந்தது என் மனைவி சண்முகவடிவு. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சண்டை போடுகிற மாதிரி இருந்ததா? சண்டை இல்லை சார். தயிர்சாதம் பைக்குள் அடியில் இருக்கிறது, பையைக் கவிழ்த்துவிடாதே என்றாள், அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்தால் அவளுக்குக் கை பெரிதாக வீசும். நேற்றிலிருந்து வீடு முழுக்க வீசிக்கொண்டிருக்கிறது. மகள் நித்திலாவுக்கு நேற்றுத்தான் பாளையங்கோட்டையில் பூ வைத்தோம். பையன் ஈரோட்டுக்காரன், அவளோடு வேலை பார்க்கிறவன். எனக்கு லீவு இல்லை, அதனால் தனியாகத் திரும்புகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக வயிற்றில் கிடந்த கேள்வி வேறு, கேட்டது வேறு. அது இருக்கட்டும். முதலில் இருந்து வருகிறேன்.

நான் மொழிபெயர்க்கிறவன். கதை, கவிதை எல்லாம் இல்லை. ப்ரோகிராம். பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிவைத்ததைப் புது மொழிக்கு மாற்றுகிற வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் நந்தனத்தில் ஒரு சின்ன கம்பெனி. தூத்துக்குடிப் பக்கம் ஒரு நூல் மில்லின் சரக்குக் கணக்கு முழுவதும் கோபோலில் இருந்தது, அதை ஜாவாவுக்குக் கொண்டுவர வேண்டும். வரிக்கு வரி மாற்றுவேன். ஒரு புள்ளி விட மாட்டேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. மாற்றுகிறவன் தன் சொந்தச் சரக்கைக் கலக்கக் கூடாது, கலந்தால் அது துரோகம். இன்றைக்கும் எனக்கு அதே கட்சிதான்.

அங்கே வடிவு வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் படித்துவிட்டு, கம்ப்யூட்டரும் படித்துவிட்டு வந்தவள். என் பக்கத்து நாற்காலி. முதல் நாள் நான் மாற்றி வைத்திருந்ததைப் பார்த்தாள். ஒரு தாளில் எழுதினாள்: ‘இது ஜாவா இல்லை. ஜாவா சட்டை போட்ட கோபோல்.’ எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது சார். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் அவள் சொன்னது சரி.

அவள் வேலை செய்கிற விதமே வேறு. ப்ரோகிராமில் ஒரு வரி எழுதும் முன்னாலேயே, மில்லில் இருந்து என்னென்ன வரலாம் என்று யோசிப்பாள். மூட்டைக்குப் பெயர் இல்லாமல் வந்தால், ஒரே மூட்டை இரண்டு தடவை வந்தால், பாதி மூட்டை வந்தால். ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவாள். விடைகள் எல்லாம் ஆன பிறகுதான் ப்ரோகிராம். வராததற்கு எல்லாம் ஏன் மெனக்கெடுகிறாய் என்று எழுதிக் கேட்டேன். ‘வரும்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

தாளில் எழுதி எழுதிச் சலித்துப்போய் சைகையில் இறங்கினோம். அங்கே ஒரு சிக்கல். கம்ப்யூட்டர் சமாசாரத்துக்கு அவள் பள்ளிக்கூடத்துச் சைகையில் வார்த்தை கிடையாது. அதனால் அவளே உண்டாக்கினாள். மதிப்பைப் போட்டு வைக்கிற இடம் இருக்கிறதே, அதற்கு டிபன் பாக்ஸ். மூடியைத் திறந்து, வைத்து, மூடுகிற சைகை. ஒன்றைக் கொடுத்தால் வேறொன்றாக மாற்றித் தருகிற பகுதிக்கு மாவு மில். மேலே கொட்டி, கீழே பை பிடிக்க வேண்டும். நிற்காமல் சுற்றிச் சுற்றி வருவதற்குச் செக்குமாடு, நாக்குத் தள்ளியபடி. பிழை கண்டுபிடிப்பதற்குப் பேன் பார்க்கிற சைகை. இரண்டு கட்டை விரல் நகத்தையும் சேர்த்து நசுக்க வேண்டும். அந்த நசுக்கலில் அவள் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், நான் அதற்காகவே வேண்டுமென்று பிழை செய்திருக்கிறேன்.

ஒரு நாள் மில்லில் இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். முழு வழுக்கை. அவர் கொண்டுவந்த கணக்கில் பிழை இருக்கிறது, தேடு என்று அறையின் அந்தக் கோடியில் இருந்த வடிவிடம் நான் சொல்ல வேண்டும். அவரைக் காட்டினேன், தலையைக் காட்டினேன், பேன் நசுக்கினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் மேனேஜரிடம் மெதுவாக, “தம்பி என்னய்யா சொல்லுதாரு?” என்றார். வடிவு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குத் தெரிந்த சைகை எல்லாம் ப்ரோகிராம் சைகைதான். பசிக்கிறதா என்று கேட்கத் தெரியாது. ‘டிபன் பாக்ஸ் காலியா?’ என்றுதான் கேட்பேன். அது சரியாகவே போய்ச் சேர்ந்தது. கடைசியில் கல்யாணத்தைக் கேட்டதும் அந்த மொழியில்தான். ஜாவாவில் இரண்டு பெயர் ஒரே முகவரியைக் காட்டலாம். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். ‘உன் பெயர், என் பெயர், ஒரே முகவரி’ என்று சைகை காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். பேன் பார்க்கிற சைகை காட்டினாள். எழுந்து டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டாள்.

பிழை இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? என் கேள்வியிலா, என்னிடத்திலா? அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

பிறகு அவள் தம்பி ஆவுடையப்பன் வந்தான். பாளையங்கோட்டையில் டெலிபோன் ஆபீஸில் வேலை. அக்காவுக்காகச் சின்ன வயதிலேயே சைகை பழகியவன். அவள் எங்கே போனாலும் அவளுக்குக் குரல் அவன்தான். ஆபீஸ் வாசலில் நின்று, “அக்கா உங்க வீட்டுல வந்து பொண்ணு பாக்கச் சொல்லுதா அத்தான்” என்றான். அதற்குள் அத்தான். நான் பறந்தேன் சார். ரயில் டிக்கெட் எடுத்தது எப்படி, அம்மாவைச் சம்மதிக்க வைத்தது எப்படி, ஒன்றும் ஞாபகம் இல்லை.

சம்மதிக்க வைத்தது என்பது கூட அதிகம். அம்மா, “வாரேன். பாக்கேன். ஆனா கேக்க வேண்டியதைக் கேப்பேன்” என்றாள். அம்மா கேட்கிற விதம் ஊர் முழுக்கத் தெரியும்.

பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர். நானும் அம்மாவும் ஒரு பக்கம். வடிவு எதிரே பாயில். அவள் அம்மா காபியோடு கதவோரம். ஆவுடையப்பன் நடுவில். கச்சேரிக்கு உட்கார்ந்த மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“புள்ளைக்குச் சோறு பொங்கத் தெரியுமா?” என்று அம்மா ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் அக்கா பக்கம் திரும்பிக் கையை ஆட்டினான். எனக்குத் தெரிந்த சைகை கொஞ்சம்தான், ஆனால் கண் இருக்கிறதே. இரண்டு கையையும் தலையில் வைத்துக் கொம்பு காட்டினான். மழை காட்டினான். யாரோ மேஜை மேல் ஏறுகிறதைக் காட்டினான். சோறு பொங்குவதற்கும் கொம்புக்கும் என்ன சம்பந்தம்? வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இதுக்கு எதுக்குச் சிரிக்கா?”

“அத்தை, எங்க அம்மாவை விட நல்லாப் பொங்குவேன், அம்மாகிட்ட சொல்லிராதன்னு சொல்லுதா.”

கதவோரம் இருந்த அவள் அம்மாவே சிரித்துவிட்டாள். என் அம்மா சிரிக்கவில்லை, ஆனால் காபியை வாங்கிக்கொண்டாள்.

“கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு அங்கயே கெடந்தா வீட்டை யாரு பாப்பா?”

மறுபடி கொம்பு. வால். ஒரு ஆள் ஓடுகிறான். வடிவு சிரிப்பை அடக்கித் தலையைக் குனிந்துகொண்டாள். அது நாணம் மாதிரித் தெரிந்தது.

“வீட்டைப் பாக்கதுக்கு உங்க மகனும் இருக்காருல்லா அத்தை, அவருக்கும் ரெண்டு கை இருக்குன்னு சொல்லுதா.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் இரண்டு கையையும் பார்த்தேன்.

பிறகுதான் அது வந்தது. அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “மனசுல வச்சுக்கிட்டுப் பேசாமப் போறதுக்கு எனக்குத் தெரியாதுப்பா. நாளைக்கு ஒரு புள்ள பொறந்து தொட்டில்ல கெடந்து அழுதுச்சுன்னா, யாரு காதுல விழும்?”

ஆவுடையப்பன் அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கினான், கை பாதியில் நின்றது. அவள் சிரிக்கவில்லை. என் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், இல்லை என்று. பட்டென்று இரண்டு மூன்று சைகை, கையை வெட்டுகிற மாதிரி. மறுபடி தலையாட்டல். இல்லை, இல்லை.

முடிந்தது, மாட்டேன் என்றுவிட்டாள் என்று நினைத்தேன். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் கேள்விக்கு வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள்.

ஆவுடையப்பன் என் அம்மா பக்கம் திரும்பினான். சொன்னான்:

“அத்தை, காது கேக்கவங்க அடுப்பங்கரையில இருந்துக்கிட்டு அழுகைச் சத்தம் வரட்டும்னு இருப்பாவ. நான் அப்படி இருக்க முடியாது. நிமிசத்துக்கு ஒரு தடவை போயிப் போயி அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருப்பேன். புள்ள அழுவுறதுக்கு முன்னால உதட்டைப் பிதுக்கும்லா, அப்பவே தூக்கிருவேன். அதனால உங்க பேரப்பிள்ளை அழவே அழாதுன்னு சொல்லுதா.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, “பூ வாங்கிட்டு வந்திருக்கேல்லா, எடு” என்றாள்.

அவ்வளவுதான் சார் என் கல்யாணம்.

நித்திலா பிறந்தாள். அவன் சொன்னபடியேதான் நடந்தது. குழந்தை உதட்டைப் பிதுக்கும் முன்னால் வடிவு தூக்கிவிடுவாள். அம்மாவே அக்கம்பக்கத்தில் பெருமை அடித்தாள். போகப் போக அம்மாவும் சைகை படித்தாள். வயதாகி அம்மாவுக்கே காது மந்தமானபோது மாமியாரும் மருமகளும் கையாலேயே பேசி என்னைக் கேலி செய்வார்கள். நான் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் பேச்சு. அம்மா போய்ச் சேருகிற வரைக்கும் அப்படித்தான்.

ஆனால் எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஏன் என்கிறீர்களா? சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும்போது ஆவுடையப்பன் சொன்னான்: “அத்தான், அன்னைக்கு நான் ஒண்ணையும் மொழிபெயர்க்கலை. எங்க தெரு எருமை ஒண்ணு மழையில பேங்குக்குள்ள நுழைஞ்சிட்டு, மேனேஜர் மேஜை மேல ஏறிட்டாரு. அந்தக் கதையைத்தான் அக்காவுக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“அவ சொன்ன பதில்?”

“எல்லாம் நான் விட்டதுதான்.”

“புள்ள அழுகிறது?”

“அதுவும்தான்” என்று சொல்லிவிட்டு இலையில் அப்பளத்தை நொறுக்கினான்.

அன்றைக்குப் பாயசம் எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். யோசித்துப் பாருங்கள். வரிக்கு வரி, புள்ளி பிசகாமல் மாற்றுகிறவன் நான். என் வாழ்க்கையை மாற்றிக் கொடுத்தவன் எருமைக் கதை சொல்லியிருக்கிறான். பெண் பார்க்க வா என்று சொன்னதும் அவன் வாய். பதில் சொன்னதும் அவன் வாய். அவள் நேராக என்னிடம் சரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான், அந்தத் தலையாட்டல். இல்லை, இல்லை என்று. அப்படியானால் அவள் மாட்டேன் என்று சொல்லி, இவன் சரி என்று சொல்லி, நடந்துவிட்ட கல்யாணமா?

ஆனால் அவன் சொன்னதையும் நம்ப முடியவில்லை. புள்ளை அழுகிற பதில் இருக்கிறதே, அது டெலிபோன் ஆபீஸ்காரன் பதில் இல்லை சார். மணி அடிக்கட்டும், எடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிற ஆள் அவன். கூப்பிடும் வரை காத்திருக்காமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது எங்கள் தொழில் யோசனை. ப்ரோகிராம் எழுதுகிறவர் மூளையில்தான் அது வரும். அப்படியானால் அவள் சொன்னதுதான். அவள் சொன்னது என்றால் ஏன் இல்லை என்று தலையாட்டினாள்? இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தவே இல்லை. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் பொருந்தவில்லை.

வடிவிடம் கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? அவள் என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பேன் பார்ப்பாள். இருக்கிற முடியும் போய்விட்டது, இன்னும் பார்க்கிறாள். ஒரு தடவை மட்டும், ‘விடை சரியாக வருகிறதா இல்லையா? பிறகு எதற்கு உள்ளே நோண்டுகிறாய்?’ என்றாள். சரியாகத்தான் வருகிறது. அது வேறு பயமாக இருந்தது.

சைகையில் எனக்கு அவள் வைத்த பெயர் என்ன தெரியுமா? புருவத்துக்கு நடுவே ஒரு விரலால் அழுத்துவது. சிந்தனையாளன் என்று நினைத்து ரொம்ப நாள் சந்தோஷப்பட்டேன். தலைவலி என்று நித்திலாதான் சொன்னாள்.

இப்போது முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் ஈரோட்டுச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பையனின் அம்மா கொஞ்சம் கறார் என்று நித்திலா சொல்லியிருந்தாள். நான் மாடியில் துணி காயப்போடப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். வடிவு தோளில் ஒரு துண்டைப் பட்டுப்புடவை முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே ஆவுடையப்பன், ஐம்பதை நெருங்குகிற ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு. அவள் சைகையில் ஒரு கேள்வி கேட்கிறாள், சம்பந்தியம்மாவாக. அவன் வாய்விட்டுப் பதில் சொல்கிறான். அவள் அவன் உதட்டையே பார்க்கிறாள்.

“பொண்ணு எங்க ஊருக்கு வந்து இருப்பாளான்னு கேட்டா... அது... நம்ம பையனும் பொண்ணும் பேசி முடிவு பண்ணிக்கிடட்டும்...”

வடிவு தலையை ஆட்டினாள். இல்லை. பட்டென்று இரண்டு சைகை. மறுபடி, இல்லை, இல்லை.

அதே தலையாட்டல் சார். அதே வெட்டு.

“ஆமா ஆமா, மறந்துட்டேன்க்கா” என்று தலையில் தட்டிக்கொண்டான் அவன். “மாசம் பாதி அங்க, பாதி இங்க, லேப்டாப்புக்கு ஊரு கெடையாதுன்னு சொல்லணும்.”

அவள் சரி என்று கட்டை விரலைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அதற்கடுத்தது. இன்னும் வராத கேள்வி, வரவே வராத கேள்வி எல்லாம். நான் ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னாலேயே நின்றேன். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை. கால் தரையில் நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

நேற்று சம்பந்தியம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் ஆவுடையப்பன் அக்காவிடம் கிரிக்கெட் மேட்சைத்தான் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தான். பேட் பிடித்ததைக் கூட நான் பார்த்தேன். பதில் எல்லாம் அச்சடித்த மாதிரி வந்தது. சம்பந்தியம்மா வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

காலையில் ஆவுடையப்பன்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டான். பையை ஏற்றிவைத்தான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். இறங்கி ஜன்னல் பக்கம் வந்து நின்றான். “என்ன அத்தான், நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கீங்க, உடம்புக்கு முடியலியா” என்றான். வண்டி அசைந்தது. அவன் கூடவே நடந்து வந்தான். இருபத்தைந்து வருஷமாக நான் கேட்க நினைத்தது, அவள் அன்றைக்கு மாட்டேன் என்றுதானே சொன்னாள் என்பது. அந்தக் கேள்வி இப்போது என் வாயில் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்:

“மாப்ள, என்னையக் கட்டணும்னு அவ எத்தனை நாளா ஒத்திகை பாத்தா?”